பள்ளிக்கரணை மீனில் உலோகம்: நமக்கு எவ்வளவு, கூழைக்கடாவுக்கு எவ்வளவு?

ஒக்கியம்வாசி | ஞாயிறு, காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். துரைப்பாக்கத்துக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஞாயிறு காலையில் பள்ளிக்கரணைக் கழுவெளி (சதுப்புநிலம்) பக்கம் பறவை பார்க்கப் போவேன். இன்று பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் கேட்கிறேன்.

ரேடியல் சாலை ஓரமாக ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி ஏழு கூழைக்கடாக்கள் வரிசை கட்டி, ஒரே நேரத்தில் அலகை முக்கி முக்கி எடுத்தன. வலையில் விழுந்ததும் ஜிலேபி மீன் (திலாப்பியா), கூழைக்கடாவின் அலகுப் பையில் போனதும் ஜிலேபி. காற்று திரும்பியபோது பெருங்குடி குப்பைமேட்டு வாடை வந்தது.

பழைய பெயின்ட் வாளியில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கிலோ வாங்கிவிட்டேன். வீட்டில் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா, சிவப்பா இல்லாம ஒரு மாதிரி கறுத்துக் கிடக்கு" என்றார். மீன் இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம் என்றெல்லாம் செய்தியில் படிக்கிறோமே, இந்த மீனைச் சாப்பிடலாமா? அந்தப் பறவைகளுக்கு என்ன ஆகும்?

---

மேடவாக்கம்_பழசு | ஞாயிறு, காலை 11:05

தம்பி, நான் சின்ன வயதில் இருந்தே அந்தக் கழுவெளி மீன் சாப்பிட்டவன். விரால், தேளி, கெளுத்தி எல்லாம் அங்கே கிடைத்தது. அப்போது இந்தக் கட்டடம் எதுவும் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் கோரைப்புல்தான். மீன் உயிரோடு துள்ளுகிறது என்றால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கெட்ட தண்ணீராக இருந்தால் செத்து மிதக்குமே?

---

சோதனைக்குழாய் | ஞாயிறு, மதியம் 2:40

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுத வேண்டும். மீன் திசுக்களில் உலோகம் அளப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் மேடவாக்கம் ஐயாவின் கேள்வி. துள்ளும் மீனை வைத்துத் தண்ணீரை எடைபோட முடியாது. தேளியும் விராலும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. ஜிலேபி பிராணவாயு குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். கெண்டை வகைகள் காணாமல் போய் ஜிலேபி மட்டும் மண்டிக் கிடக்கிறது என்றால் தண்ணீர் ஏற்கெனவே மாறிவிட்டது. மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் பிராணவாயு திடீரென்று தீர்ந்துபோவதால். உலோகம் அப்படிக் கொல்வது அரிது. மெல்ல உள்ளே சேரும், மீன் வளரும், முட்டையும் இடும்.

உலோகம் எங்கிருந்து வருகிறது? குப்பைமேட்டில் பேட்டரி, சர்க்யூட் பலகை, சாயம் பூசிய பொருட்கள், உடைந்த குழல்விளக்கு எல்லாம் கலந்து கிடக்கின்றன. மழைநீர் அதில் ஊறி இறங்கும்போது கறுப்பாக ஒரு சாறு வடியும். அதோடு சுத்திகரிக்காத கழிவுநீர், சாலையில் வண்டிகள் விடும் புழுதி. இவை தண்ணீரில் அதிக நேரம் நிற்பதில்லை, சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்துவிட்டு "அளவுக்குள் இருக்கிறது" என்று சொல்வது பாதிக் கதை. ஜிலேபி சேற்றைக் கிண்டித் தின்னும் மீன். கெளுத்தியும் அப்படித்தான்.

இப்போது மீனுக்குள் போவோம். ஈயமும் காட்மியமும் எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் சேர்வதில்லை. கல்லீரல், சிறுநீரகம், செவுள் இவற்றில் அதிகம், ஈயம் எலும்பிலும் செதிலிலும் சேரும். சதையில் குறைவு. பாதரசம் மட்டும் வேறு. சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது சதையின் புரதத்திலேயே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நன்றாகக் கழுவினாலும், மஞ்சளும் புளியும் போட்டு ஊறவைத்தாலும், வறுத்தாலும் போகாது.

நம் ஊர்ப் பெண்கள் மீன் ஆய்கிற விதத்தை யோசித்துப் பாருங்கள். செதிலைச் சுரண்டி, செவுளைப் பிய்த்து, குடலையும் ஈரலையும் வழித்து எறிகிறோம். ஈயமும் காட்மியமும் அதிகம் உள்ள பகுதி நம் தட்டுக்கு வருவதே இல்லை. கூழைக்கடா மீனை ஆய்வதில்லை. தலை, செவுள், ஈரல், குடல், குடலுக்குள் இருக்கும் சேறு, எல்லாவற்றையும் சேர்த்து முழுசாக விழுங்குகிறது. வேறு சாப்பாடும் அதற்கு இல்லை, வருடம் முழுக்க மீன்தான்.

அரசு வைத்திருக்கும் வரம்பு, உதாரணமாகப் பொதுவாக மீனில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்பது, மனிதர் சாப்பிடும் பகுதிக்கு, மனிதர் சாப்பிடும் அளவுக்குப் போட்ட கணக்கு. சதையைச் சோதித்து "வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை வந்தால் அது நமக்கான பதில். பறவைக்கு அந்த அறிக்கையில் பதில் எதுவும் இல்லை. பல வருடமாக இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒக்கியம்வாசி, உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரு கிலோ பற்றி: ஒரே ஒரு வேளை சாப்பிட்டால் பெரிதாக எதுவும் ஆகாது. ஆனால் வாரம் மூன்று நாள் அதே இடத்து மீன் என்றால் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நிச்சயமாக வேண்டாம். செவுள் கறுத்திருப்பது பிராணவாயு குறைவாலும் இருக்கலாம், பிடித்து நேரம் ஆனதாலும் இருக்கலாம். உலோகம் கண்ணுக்குத் தெரியாது.

---

முகத்துவாரம் | ஞாயிறு, இரவு 8:15

எல்லாம் சரி. நான் எண்ணூர்ப் பக்கம். ஒவ்வொரு தடவை இப்படி ஒரு செய்தி வரும்போதும் எங்களுக்கு என்ன நடக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? "எண்ணூர் மீனில் விஷம்" என்று பேப்பரில் போட்டால், மறுநாள் காசிமேட்டில் எங்கள் கூடையைப் பார்த்துவிட்டு நகர்ந்து போவார்கள். சாம்பலைக் கொட்டினவனுக்கு ஒரு நாள் கூட்டம் குறையவில்லை, எங்களுக்குத்தான் குறைந்தது.

கொசஸ்தலை ஆற்றில் கால் வைத்தால் முன்பு மணல். இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, கால் முழங்கால் வரை உள்ளே போகும், வெளியே எடுத்தால் சாம்பல் நிறத்தில் காலுறை போட்டது மாதிரி ஒட்டியிருக்கும். பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அந்தத் தண்ணீரில்தான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து ஆறே கறுத்தபோது கூழைக்கடா படத்தை ஊரே பார்த்தது. எங்கள் வலையும் படகும் கறுத்த படத்தை யார் பார்த்தார்கள்?

பறவைக்கு ஒரு கணக்கு, நகரத்தில் வாங்கிச் சாப்பிடுபவருக்கு ஒரு கணக்கு சொன்னீர்கள். பிடிக்கிறவனுக்கு என்ன கணக்கு? நாங்கள் விற்காத மீனைத்தான் வீட்டில் குழம்பு வைக்கிறோம். பொடி மீன் என்றால் தலையோடு, முள்ளோடு.

---

சோதனைக்குழாய் | ஞாயிறு, இரவு 9:30

அண்ணே, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். நான் எழுதியதில் அது விட்டுப்போனது என் தவறுதான்.

பிடிப்பவர் வீட்டுக் கணக்கு பறவையின் கணக்குக்கு நெருங்கி வருகிறது: தினமும் அதே நீர்நிலை மீன், பொடி மீனை முழுசாக. வரம்பு போடும்போது ஒரு சராசரி மனிதர் வாரத்துக்கு இவ்வளவு மீன் சாப்பிடுவார் என்று ஒரு அளவு வைப்பார்கள். மீனவர் வீட்டில் அந்த அளவு எங்கோ தாண்டிப் போகும். சோதனை என்றால் சந்தை மீனோடு நிறுத்தக் கூடாது, பிடிக்கும் குடும்பங்களின் இரத்தம், தலைமுடியில் இருந்து தொடங்க வேண்டும். அதை இலவசமாகச் செய்து, முடிவை முதலில் அவர்கள் கையில் தர வேண்டும். சாம்பலில் ஆர்செனிக், செலினியம், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் உண்டு. தினமும் அதிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு, அவர் பிடிக்கும் மீன் வழியாக மட்டும் அது வருவதில்லை.

செய்தித்தாள் பற்றியும் ஒன்று. ஆய்வகத்தில் மீன் சதையைச் சில நேரம் உலர்த்திப் பொடித்து அளப்போம். மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்ந்த பொடியில் ஈயம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வந்தால், அதே மீன் பச்சையாக இருக்கும்போது சுமார் 0.2 தான். வரம்பு பச்சை மீனுக்குப் போட்டது. உலர் எடைக் கணக்கை எடுத்து வரம்போடு ஒப்பிட்டு "வரம்பைத் தாண்டிய விஷம்" என்று எழுதிவிடுகிறார்கள். கல்லீரலில் வந்த எண்ணைச் சதை என்று நினைத்து எழுதுவதும் நடக்கிறது. இந்த இரண்டு குழப்பத்தால் மட்டுமே எத்தனை கூடை மீன் விற்காமல் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இனி எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த உறுப்பு, உலர் எடையா பச்சை எடையா, எத்தனை மீன்?

---

பழைய_தாள் | திங்கள், காலை 7:10

இந்த இழையைப் படிக்கும்போது மினமாட்டா நினைவுக்கு வருகிறது. அங்கேயும் கடைசியில் அடிபட்டது மீனவக் குடும்பங்கள்தான். ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதம். அதற்கு முன்பே ஊர்ப் பூனைகள் வெறிபிடித்ததுபோல் சுழன்று சுழன்று செத்தன, காகங்கள் பறக்கும்போதே விழுந்தன. மீனும் மீன் கழிவும் தின்ற உயிர்கள். சிஸ்ஸோ ஆலை பாதரசக் கழிவை விடுவது நின்றதோ 1968-ல்தான். பூனையும் காகமும் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் பிழைத்திருக்கும்! தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல், வயிற்றில் இருந்த குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தது அங்கே.

இன்னொன்று கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கம். பயிர் நிலங்களில் இருந்து வடிந்த தண்ணீரை ஒரு பறவைச் சரணாலயத்துக்கே திருப்பிவிட்டார்கள். மண்ணில் இருந்த செலினியம் அதோடு வந்தது. மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கடைசியில் கொசு மீன் மட்டும் மிஞ்சியது. 1983-ல் நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான் கூடுகளில் கண் இல்லாமல், அலகு கோணி, கால் வளராமல் குஞ்சுகள் கிடந்தன. செலினியத்தைக் கறாராகக் கன உலோகம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனாலும் நடந்த விதம் அதேதான். வளர்ந்த பறவைகள் பல தண்ணீரில் நீந்திக்கொண்டுதான் இருந்தன. முட்டைக்குள் பார்த்த பிறகே தெரிந்தது.

---

மதுராந்தகத்தான் | திங்கள், மாலை 6:45

முட்டை என்றதும் எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணில் வருகிறது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் எங்களுக்குப் பக்கம். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் எங்கள் ஏரி மரத்தில் கூடு கட்டும். இரை தேடிப் பல மைல் போகும். எந்தத் தண்ணீரில் மேய்ந்துவிட்டு வந்து இங்கே குஞ்சுக்கு ஊட்டுகிறது என்பது யாருக்குத் தெரியும்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்லது என்று தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டோம். அப்படிக் காப்பாற்றிய பறவை வேறு எங்கோ நஞ்சைத் தின்றுவிட்டு வருகிறது என்றால் மனசு தாங்கவில்லை.

போன ஆண்டு எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் ஊசிவால் வாத்து ஒன்று கரை ஒதுங்கிக் கிடந்தது. இறக்கை இரண்டும் கூரை மாதிரி தொங்கியது. கிட்டே போனாலும் எழும்பவில்லை. வாலடியில் பச்சையாகக் கறை. கையில் எடுத்தால் எடையே இல்லை, நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி உறுத்தியது. வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் போகும் முன்பே உயிர் போய்விட்டது. இரைப்பையைத் திறந்தபோது நான் கூடவே இருந்தேன். மணலும் கூழாங்கல்லும், அதன் நடுவில் பக்கவாட்டில் தேய்ந்து பளபளவென்று மின்னும் ஈயத் துண்டு ஒன்று. ஒரு பக்கம் மட்டும் துளையின் தடம் தெரிந்தது.

---

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 8:20

ஐயா, நீங்கள் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் ஈய நஞ்சுக்குப் பொருந்துகின்றன. வாத்துக்குப் பல் இல்லை, தானியத்தை அரைக்கச் சிறு கல்லைப் பொறுக்கி விழுங்கும். ஈயக் குண்டும் அதன் கண்ணுக்குக் கல்தான். இரைப்பையில் கல்லோடு கல்லாக அரைபட்டு, அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் ஏறிவிடும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் 1987-ல் தூண்டில் ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை (துப்பாக்கியில் போடும் பொடிக் குண்டு) 1991 முதல் நாடு முழுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் ஈர நிலங்களில் ஈய ரவையை 2023 பிப்ரவரியில் தடை செய்தது. துளை இருந்தது என்றால் அது ரவை இல்லை, வலையில் கோர்த்த குண்டாக இருக்க வேண்டும்.

முட்டை பற்றி: பறவை தன் உடம்பில் சேர்ந்த பாதரசத்தை வெளியேற்றும் முக்கிய வழிகளில் ஒன்று வளரும் இறகு. தாய்ப்பறவைக்கு இன்னொரு வழி முட்டை. அதனால் உதிர்ந்த இறகை வைத்தே, பறவையைத் தொடாமல், அந்த இறகு முளைத்த காலத்தில் அது என்ன தின்றது என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் பொறுக்கி அனுப்பிவிட வேண்டாம்.

---

மடிப்பாக்கம்_கல்யாணி | திங்கள், இரவு 9:55

எனக்கு ஒன்று புரியவில்லை. உலோகம் சேற்றில்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சேற்றை மொத்தமாகத் தூர்வாரி எடுத்துவிடலாமே? 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. ஆழப்படுத்தினால் வெள்ளத்துக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது.

---

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 10:30

கல்யாணி அக்கா, வெள்ளத்துக்காகச் சில இடத்தில் தூர்வார வேண்டியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஒக்கியம் மடுவு வழியாகத்தான் அத்தனை தண்ணீரும் பக்கிங்காம் கால்வாய்க்குப் போயாக வேண்டும். ஆனால் அந்தக் கறுப்புச் சேறு கறுப்பாக இருப்பதற்குக் காரணமே கந்தகம். காற்றுப் படாத ஆழத்தில் ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் பூட்டிக் கிடக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதே கந்தகம்தான். வாரி மேலே போட்டு வெயிலில் காயவைத்தால், காற்றுப் பட்டுப் பூட்டு திறந்து, அமிலமும் உலோகமும் அடுத்த மழையில் திரும்பவும் தண்ணீருக்கே வரும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து, அதன் மேல் நடைபாதை போடுவதுதான் நான் அதிகம் பார்த்தது. எங்கே வாருகிறோம், எந்தப் பருவத்தில், வாரியதை எங்கே கொண்டு போகிறோம் என்று முன்பே சோதித்து முடிவு செய்ய வேண்டும். 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் இது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்ததில் மிச்சம் இருக்கும் துண்டு. முதல் வேலை உள்ளே வரும் சாக்கடையையும் குப்பைச் சாற்றையும் நிறுத்துவதுதான்.

---

வலைக்கயிறு | செவ்வாய், காலை 6:30

மதுராந்தகத்தான் ஐயா எழுதியதை ராத்திரி படித்தேன். தூக்கம் வரவில்லை. வீச்சுவலைக்குக் குண்டு ஊற்றிக் கோர்ப்பது எங்கள் வீட்டுத் தொழில். அப்பா காலத்தில் இருந்து செய்கிறோம்.

எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். பழைய லாரி பேட்டரி உடைத்த ஈயம் எடைக்கு வாங்கி, இரும்புச் சட்டியில் விறகு வைத்து உருக்கி, அச்சில் ஊற்றுவோம். மேலே வெள்ளையாகப் புகை எழும்பும். நானும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதியவர்கள். குண்டைக் கயிற்றில் கோர்த்து, பிடிப்பு இறுக்கமாக இருக்கப் பல்லால் கடிப்போம். ஒரு வலைக்கு மூன்று நாலு கிலோ குண்டு பிடிக்கும். கல்லிலும் வேரிலும் மாட்டி அறுந்தால் சில குண்டு தண்ணீரோடு போகும், அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. அந்த வாத்து வயிற்றில் இருந்த துண்டு யார் கை பட்டதோ, என் கை பட்ட மாதிரியே இருக்கிறது.

---

சோதனைக்குழாய் | செவ்வாய், காலை 8:00

அண்ணே, முதலில் உங்கள் வீடு. சட்டி வைத்து உருக்கும் இடத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. அங்கே படிந்த தூசியைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பல்லால் கடிப்பதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இரத்தத்தில் ஈய அளவு ஒரு தடவை பாருங்கள். எங்கே பார்ப்பது என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

முகத்துவாரம் | செவ்வாய், மாலை 5:20

வலைக்கயிறு, மனசை விட்டுவிடாதே தம்பி. நான் முந்தாநாள் கோபத்தில் எழுதினேன், ஆனால் இந்த இழையில் எங்களையும் கணக்கில் சேர்த்துப் பேசியது ஆறுதல். எங்கள் தாத்தா வலையில் சுட்ட மண் மணிதான் இருந்தது. பரணில் இன்னும் நாலைந்து கிடக்கிறது, நடுவில் துளையோடு, கட்டைவிரல் தடிமன்.

---

ஒக்கியம்வாசி | செவ்வாய், இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. அம்மா அந்த மீனைக் குடல், செவுள், தலை எல்லாம் எடுத்துக் குழம்பு வைத்தார். நானும் அவரும் சாப்பிட்டோம். கர்ப்பமாக இருக்கும் என் மனைவிக்குக் கொடுக்கவில்லை.

இன்று வேலைக்குப் போகும் வழியில் அந்த வலைக்காரரைப் பார்த்து, வண்டியை நிறுத்திக் கேட்டேன். வலைக்கயிறு சொன்னது உண்மைதான், வாரத்துக்கு ஐந்தாறு குண்டு போகிறது என்றார். வீட்டில் யார் யார் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். விற்றது போக மிச்சம் பொடி மீன்தான், பேத்திக்கு வறுத்துக் கொடுத்தால் முள்ளோடு மென்றுவிடுவாள் என்றார். செவுளையும் குடலையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள், பொடி மீனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அதுக்குப் பதிலா என்ன குடுக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வலைக்கயிறு, ஈயத்துக்கு மாற்றாக ஏதாவது குண்டு உண்டா? அவருக்கு ஒரு வலை செய்து தர முடிந்தால் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

வலைக்கயிறு | புதன், காலை 6:50

மண் மணி ஏரியில் போட்டுவைக்கும் நிறுத்துவலைக்குச் சரியாக வரும். வீச்சுவலைக்கு எடை போதாது. தண்ணீருக்குள் மண் தன் எடையில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடும், ஈயம் பத்தில் ஒரு பங்குகூட இழக்காது. வலை விரிந்து தரை தொடுவதற்குள் மீன் அடியில் நழுவிவிடும்.

இரும்பு நட்டு கோர்த்து ஒரு தடவை பார்த்தேன். சீக்கிரம் இறங்குகிறது, ஆனால் ஒரு மாதத்தில் துரு பிடித்து நைலான் கயிற்றை அரித்துவிட்டது. துத்தநாகம் பூசிய நட்டு கிண்டியில் கிடைக்கிறது என்கிறார்கள். அந்தப் பூச்சு கரைந்தால் அதுவும் தண்ணீருக்குத்தானே போகும், சோதனைக்குழாய் சார் சொல்லட்டும். துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி நன்றாக இருக்கும், விலைதான் ஈயத்தைப் போல் பல மடங்கு. அந்தப் பெரியவரின் வலை எத்தனை முழம், கண் அளவு என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள். சங்கிலி வைத்து ஒன்று கட்டிப் பார்க்கிறேன்.